கனகாம்பரப் பாத்தியில் கிடந்த செப்புத் தகடுகள்

உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைத்துக்கொள்கிற வயது. எனக்குக் கிழமை மட்டும் போதாது, தேதியும் வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் பத்திரிகையை வாங்கித் தேதியைப் பார்க்காமல் பந்தியில் உட்கார மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு என் வாழ்க்கையின் மிகப் பெரிய வெள்ளிக்கிழமையின் தேதி தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை, பாகூர் ஏரி அடிவரை வற்றிய வருஷம், வைகாசி மாதம். அதற்கு மேல் எவ்வளவு முயன்றும் நெருங்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் என் அம்மாவை அவள் பிறந்த வீட்டுக்கு, வில்லியனூருக்கு, அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. நான் கூடப் போகக்கூடாது என்பதும் அந்த முடிவில் சேர்ந்தது.

காரணம், கட்டைவிரல் நகம் அளவில் இருந்த ஒரு கைப்பிடி செப்புத் தகடுகள்.

இதில் வருகிறவர்கள் யாருக்கும் நான் பேர் போடவில்லை. உறவுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், வருஷா வருஷம் திருவிழாவுக்குப் போகிறேன். கடைசியில் ஒரு ராஜாவும் வருவார். மற்றவர்களுக்குச் செய்ததையே அவருக்கும் செய்துவிட்டேன்.

எங்கள் வீடு ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரம். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. அதனால் நான் இரண்டு பேருக்கும் பிள்ளை. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது பெரியம்மா, சிக்கெடுத்துப் பின்னுவது அம்மா. சமையலில் அதிகாரம் பெரியம்மாவுடையது. உப்பு போடுகிற உரிமையைக்கூட அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் உரலுக்கு முன்னால் மட்டும் இரண்டு பேரும் சமம்.

அந்த உரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல் குத்துவதற்கு அப்போதே மில் வந்துவிட்டது. ஆனால் இடியாப்பத்துக்கு ஊறவைத்த அரிசி, மிளகாய், மஞ்சள் எல்லாம் வீட்டில்தான். ஒரு உரலில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒருத்தி உலக்கை மேலே போகும்போது இன்னொருத்தி உலக்கை கீழே இறங்கும். கொஞ்சம் தாளம் தப்பினாலும் முட்டிக்கொள்ளும். என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒருநாளும் முட்டியதில்லை. பெரியம்மா இடதுகைக்காரி. சின்ன வயதில் சூடு போட்டும் மாறவில்லையாம். சோறு பரிமாற, திருநீறு எடுக்க மட்டும் பயந்து வலதுகையை நீட்டுவாள். உலக்கை பிடித்தால் இடதுகைதான். அம்மா வலது, பெரியம்மா இடது என்பதால் எதிரெதிரே நின்றாலும் இரண்டு உலக்கையும் ஒரே பக்கம், வெளிப்பக்கமாகவே, ஏறி இறங்கும். மூச்சு விடுகிற சத்தமும் மாறி மாறி வரும். மிளகாய் இடிக்கிற நாளில் நான் தெருமுனையில் தும்மிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். தொம்தொம், தொம்தொம்.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. ஏரி வற்றினால் எங்கள் பக்கத்தில் வண்டல் அடிப்பார்கள். அடி மண்ணை வெட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, நிலத்தில் கொட்டிப் பரப்புவது. அதற்கப்புறம் அந்த நிலத்துக்கு எருவே வேண்டாம் என்பார்கள். அந்த வருஷம் பழைய மதகுக்குப் பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தார்கள். அங்கே மண் கருப்பாக, வழவழவென்று, நாய்க்குட்டி மூக்குபோலக் குளிர்ந்து இருக்கும். உடைந்த ஓடு, நத்தைக்கூடு எல்லாம் கலந்து வரும். யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். அம்மா வண்டிக்காரரிடம் கேட்டு இரண்டு கூடை வாங்கி, வீட்டின் பக்கவாட்டில் இருந்த கனகாம்பரப் பாத்தியில் போட்டாள். அந்தப் பாத்தி பெரியம்மாவின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. கனகாம்பரம் பெரியம்மாவுக்காகத்தான். அம்மாவுக்கு மல்லிதான் பிடிக்கும்.

பிறகு ஒரு மழை. அக்னி நட்சத்திரம் முடிகிற சமயத்தில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டி நின்றுவிடுகிற மழை. கூரைத் தண்ணீர் நேராகப் பாத்தியில் விழுந்து மேல் மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை பெரியம்மா பக்கவாட்டைப் பெருக்கப் போனவள் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"ஏய், இங்க வா. வந்து பாரு. உன் பூச்செடி இன்னா பூத்துருக்குதுன்னு பாரு."

நாங்கள் எல்லோரும் போனோம். கழுவிய மண்ணில் பச்சைப் பச்சையாக வட்டத் தகடுகள். புளியங்கொட்டையைத் தட்டையாக்கினால் எப்படியோ அப்படி. சிலது விளிம்பு உடைந்து, சிலது ஒன்றோடொன்று ஒட்டி. நான் குனிந்தேன். பெரியம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதடி!"

நம் பக்கத்தில் செப்புத் தகடு மண்ணுக்குள் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். செய்வினை. யாராவது யாருக்காவது மந்திரித்துப் புதைத்திருக்கிறார்கள். அதைக் கையால் தொட்டால் தொட்டவருக்கும் பிடிக்கும். அம்மன் கோயில் பூசாரிக்கு ஆள் போனது.

பூசாரி வந்து முதலில் வேப்பிலைக் கொத்தைக் கேட்டார். இரண்டு குச்சியை இடுக்கி மாதிரி பிடித்து ஒரு தகட்டை எடுத்து இலையின் மேல் வைத்தார். புளி கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். குத்துவிளக்குத் தேய்க்கிற கெட்டிப் புளி. அதைத் தகட்டின் மேல் ஊற்றி, துடைப்பக்குச்சி நுனியால் தேய்த்தார். இன்று காசு சேகரிக்கிறவர்கள் கேட்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். புளி அந்தப் பழைய செம்பைத் தின்றுவிடும். ஆனால் பச்சை கரைந்து படம் தெரிந்தது என்பதும் உண்மை.

இரண்டு ஆட்கள். எதிரெதிராக நிற்கிறார்கள். நடுவில் ஒரு கம்பம்.

பூசாரி குச்சியைக் கீழே வைத்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்.

"இன்னாத்த சொல்றது தாயி. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு. நடுவுல கழுமரத்த நட்டு வச்சிருக்குது. பிரிக்கிறதுக்குப் போட்டது."

பெரியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது தகட்டில் ஒருவன் கீழே விழுந்துகிடந்த இன்னொருவனை ஈட்டியால் குத்திக்கொண்டிருந்தான். அதற்குப் பூசாரி விளக்கம் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏண்டி," என்றாள் பெரியம்மா. குரல் எழும்பவில்லை. "இந்த மண்ண உன் கையால கொண்டாந்து என் ஜன்னலுக்குக் கீழ கொட்னது நீதான?"

"ஆமாக்கா. வண்டல்மண்ணு. வண்டியிலேருந்து..."

"நீதான? அதச் சொல்லு."

"நான்தான்க்கா."

அதோடு முடிந்தது விசாரணை. அம்மா வில்லியனூர்க்காரி. டவுன். எட்டாவது வரை படித்தவள். மந்திரவாதி யாரையாவது தெரிந்திருக்கும் என்பதற்கு ஊருக்கு இவ்வளவு போதுமானதாக இருந்தது.

அடுத்த சில நாட்கள் வீட்டில் உரல் சத்தம் மாறிவிட்டது. பெரியம்மா தனியாக இடித்தாள். ஒற்றைத் தொம், பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை, பிறகு இன்னொரு தொம். அம்மா அடுப்படிக்குள் போகவில்லை. எனக்கு எண்ணெயும் இல்லை, பின்னலும் இல்லை. ஒருத்தி தொட்டால் இன்னொருத்தி பார்ப்பாளே என்று இரண்டு பேரும் என்னைத் தொடாமல் விட்டார்கள். நானே சீவிக்கொண்டேன், கோணலாக.

பெரியப்பா எதிலும் தலையிடவில்லை. அவர் அந்தக் கோடை முழுவதும் மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். வீட்டில் புழுக்கம் என்று சொன்னார். சாப்பிட மட்டும் வருவார். அப்பாவோ அண்ணனை மீறி ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"கொஞ்ச நாளைக்கு உங்கம்மா வூட்ல இருந்துட்டு வா. எல்லாம் அடங்கட்டும்."

"எவ்ளோ நாளைக்கு?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"புள்ள?"

"அண்ணி வுட மாட்டாங்க. இந்த வூட்டுப் புள்ளன்றாங்க."

அம்மா அழவில்லை. தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். உள்ளே பாச்சை உருண்டை வாசனை. என் பாவாடைகளை ஒரு பக்கமாக அடுக்கினாள், பிறகு நினைவு வந்ததுபோல எடுத்து வெளியே வைத்தாள். மறுபடியும் உள்ளே வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தகடுகளை அன்று உச்சி வேளைக்கு முன் ஏரியில் ஓடும் தண்ணீரில் விட வேண்டும் என்று பூசாரி வந்திருந்தார். ஏரியில் ஓடுவதற்குத் தண்ணீர் இல்லையே என்று அப்பா கேட்டதற்கு அவர் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது சொல்தா வந்தார்.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் சொல்தா அல்ஜீரியாவில் இருந்தவர். காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டு பெல்ட் கட்டிக்கொள்வார். அவர் சொன்னதை யாரும் நம்பியதில்லை. தண்ணீர் உறைந்து அதன்மேல் லாரி போனதைப் பார்த்தேன் என்பார். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தபடி ஷேவிங் செய்தேன் என்பார். ஊரில் யாராவது பெரிதாக ஏதாவது சொன்னால் "இன்னா, சொல்தா மாதிரி பேசற?" என்பது வழக்கம்.

"இன்னாப்பா, தகடு தகடுன்றீங்களே, காட்டு பாக்கலாம்," என்றார்.

"தொடாத சொல்தா," என்றார் பூசாரி.

சொல்தா இலையிலிருந்து வெறும் கையால் எடுத்தார். பெரியம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். திருப்பிப் பார்த்தார்.

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம். அத்தனை நாளும் ஒருவரும் அதைத் திருப்பவில்லை. தொடக்கூடாது என்பதால் வேப்பிலையில் எப்படி வைத்தாரோ அப்படியே இருந்தது. பின்பக்கம் என்று ஒன்று உண்டு என்றே யாருக்கும் தோன்றவில்லை.

சொல்தா பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். சிரித்தார்.

"இது காசுய்யா. ரோமன் காசு. இந்தா பாரு, ராஜா தல. நெத்தியச் சுத்தி முத்துப் பட்டை கட்டிருக்கறான். அல்ஜீரியால இடிஞ்ச ஊரு ஒண்ணு. அங்க பசங்க இத அள்ளிகினு வந்து ஒரு சிகரெட்டுக்குக் குடுப்பானுங்க. சீசர் காசு! என் வூட்ல இருக்குது, இரு வரேன்."

போய்ப் புகையிலை டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்து எங்கள் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே இரண்டு ஆட்கள். அதே கம்பம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முதல்முறையாக நிமிர்ந்திருந்தாள். முடிந்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பூசாரி அசையவில்லை. காசை இலையில் வாங்கி, ராஜா தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அந்த ராஜாவுக்குக் கழுகு மூக்கு. நெற்றியைச் சுற்றிய பட்டை, துண்டு கட்டியதுபோல இருந்தது. பூசாரி தலையைத் தூக்கிப் பெரியப்பாவைப் பார்த்தார். வயலிலிருந்து அப்போதுதான் வந்து, தலையில் துண்டோடு வாசலில் நின்றிருந்தார் பெரியப்பா. எங்கள் குடும்பத்து மூக்கு ஊரறிந்தது.

"மூக்கப் பாரு தாயி," என்றார் பூசாரி மெதுவாக. "முண்டாசப் பாரு. யார் தலன்னு நான் வேற சொல்லணுமா?"

கூட்டத்தில் ஒருவர் "அய்யய்யோ, அச்சு அசல்" என்றார். பெரியப்பாவின் கை தானாகத் துண்டை அவிழ்த்தது. பெரியம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அது சரி," என்று பூசாரி சொல்தா பக்கம் திரும்பினார். "இதே தகடு உன் டப்பாலயும் இருக்குதே, அது எப்பிடி? சீமைலேருந்து கொண்டாந்து இந்தம்மாகிட்ட குடுத்தது நீதானா?"

"யோவ், வாய அளந்து பேசு!"

"நீ அளந்து பேசுன நாளு ஒண்ணு சொல்லு."

சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. சொல்தாவின் முகம் கறுத்துவிட்டது. உதவிக்கு வந்தவர் அம்மாவை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டார். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. நான் போய் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். இறுக்கிச் சுற்றியதில் விரல்கள் வெளுத்துப்போயின. யார் பிரிக்க வந்தாலும் துணி கிழியட்டும் என்று இருந்தேன்.

அம்மா தெருவில் இறங்கினாள். இறங்கியவள் நின்றாள். எதிரே அம்மன் கோயில் தெரிந்தது. கோயில் மதிலோரமாகச் சிவப்பு அரளி பூத்துக் குலுங்கியது. அடியில் கருப்பு மண்.

"பூசாரி," என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. "உங்க அரளிச் செடிக்கும் அதே வண்டில ரெண்டு கூட வாங்கிப் போட்டீங்கல்ல? எனக்குக் கொட்னதுக்கு அடுத்தது உங்களுக்குத்தான கொட்னாரு? நான் பாத்துகினுதான இருந்தேன்."

பூசாரி அரளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அதக் கொஞ்சம் கெளறிப் பாருங்க. அங்க ஒண்ணும் இல்லன்னா நான் இந்தப் பஸ்ல போறேன். திரும்பியே வர மாட்டேன்."

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார்.

எல்லோரும் கோயிலுக்கு நடந்தோம். மதிலோரத்தில் கூரைத் தண்ணீர் விழாததால் மழை அங்கே மண்ணைக் கரைக்கவில்லை. மேலே ஒன்றும் தெரியவில்லை. அம்மா கூட்டத்துக்கு வெளியே நின்றாள். கிளறுவது தன் கையாக இருக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பூசாரியும் தயங்கினார். கடைசியில் பெரியம்மாதான் குனிந்தாள். அழுதுகொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒரு குச்சியை இடதுகையில் எடுத்து அரளிக்கடியில் கிளறினாள். கொஞ்சம் மண். ஒரு நத்தைக்கூடு. ஒரு ஓட்டுத்துண்டு. என் காதில் பஸ் ஹாரன் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருக்குது," என்றாள் பெரியம்மா.

திறந்து பார்த்தபோது அவள் கையில், வெறும் கையில், பச்சையாக ஒன்று இருந்தது. இன்னும் கிளறினாள். இன்னொன்று. பிறகு ஒட்டிக்கொண்டு மூன்று நான்கு. ஒரு பானையின் வாய் விளிம்பு, அதில் ஒன்று ஒட்டியபடி. பெரியம்மா அவற்றைத் தன் முந்தானையில் போட்டுக்கொண்டே போனாள், கத்தரிக்காய் பறிப்பதுபோல.

எல்லோரும் பூசாரியைப் பார்த்தோம். அவரே வாங்கி, அவரே கொட்டிய மண். அம்மன் காலடியில் செய்வினை என்றால் செய்தவர் யார் என்ற கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கோயில் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"தாயே! உன் காசு உனக்கே வந்துச்சா! ஏரிக்குள்ள கெடந்தத எடுத்துக் குடுத்தியா!" என்று குரல் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், "காசுதாம்பா. ராஜா காசு. நான் மொதல்லயே கொஞ்சம் சந்தேகப்பட்டேன்," என்றார்.

"எப்ப சந்தேகப்பட்ட? கழுமரத்துக்கு முன்னயா பின்னயா?" என்றார் சொல்தா. "சீசர் காசுன்னு சொன்னது யாரு? சொல்லு, யாரு?"

அடுத்த நிமிஷம் ஊரே மண்ணைக் கிளறப் போய்விட்டது. வண்டல் வாங்கிய வீடுகளில் எல்லாம் சல்லடை கேட்டார்கள். பலருக்கும் கிடைத்தது. பாத்திரக்காரர் பழைய செம்பின் விலைக்குக்கூட எடுக்க மறுத்தார் என்று கேள்வி. கொஞ்ச நாளில் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன.

பஸ் போய்விட்டது. அது போகிற புழுதி தெரிந்தது. அதைவிட அழகான புழுதியை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். என் பாவாடைகளைப் பார்த்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"புள்ளத் துணியும் எடுத்துகினு போகப் பாத்தியாடி நீ?"

"ஆமாக்கா."

"நல்லா வருவ."

மத்தியானம் மிளகாய் இடித்தார்கள். தொம்தொம், தொம்தொம். நான் தெருமுனைக்கு ஓடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரத் தும்மிக்கொண்டிருந்தேன். எழுந்து போ என்று இரண்டு பேரும் திட்டினார்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் தேதிப் பைத்தியம் விடவில்லை. அந்தக் காசுகளில் ஒன்றை அம்மா தன் சுருக்குப்பையில் போட்டு வைத்திருந்தாள். இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். காது மந்தம், மற்றபடி திடம். போன மாதம் அந்தக் காசை வாங்கி, லென்ஸ் வைத்து, புத்தகங்களை விரித்து உட்கார்ந்தேன்.

சொல்தா சொன்னது தப்பு. சீசர் காலத்துக்கும் இதற்கும் முந்நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. இது பிற்கால ரோம வெண்கலக் காசு, நான்காம் நூற்றாண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்த வகைச் சில்லறை நிறையக் கிடைத்திருக்கிறது. பொன்னையும் வெள்ளியையும் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. விளிம்பைச் சுற்றி எழுத்து இருந்திருக்கும், தேய்ந்து போய்விட்டது. அதனால் படத்தை வைத்துத்தான் இனம் காண வேண்டும். இரண்டு போர்வீரர்கள், ஆளுக்கொரு ஈட்டி, நடுவில் படைக்கொடி. கி.பி. 330 முதல் இந்தப் படம் வருகிறது. முதலில் நடுவில் இரண்டு கொடிகள் இருந்தன. 335 வாக்கில் காசைச் சிறிதாக்கியபோது இடம் போதாமல் ஒரு கொடியானது. 341 வரை ஓடியது. எங்கள் காசில் ஒரு கொடி. ஆகவே 335-க்கும் 341-க்கும் நடுவே. ஒரு பேரரசரின் கடைசி நாட்களும், அவர் பிள்ளைகள் ராஜ்யத்தைப் பங்கு போட்டுக்கொண்ட நாட்களும். அந்த வெள்ளிக்கிழமைக்குத் தேதி கிடைக்காத எனக்கு, அதற்குக் காரணமான காசுக்கு ஆறு வருஷ இடைவெளியில் தேதி கிடைத்துவிட்டது.

பூசாரியை இப்போது நான் குறைவாகத்தான் திட்டுகிறேன். எழுத்து இல்லாத காசைப் படத்தை வைத்துப் படித்தார். நானும் அதையேதான் செய்கிறேன். அவர் படித்தது பெரியம்மாவின் முகத்தையும் சேர்த்து. பெரியப்பா ஏன் அந்தக் கோடையில் கொட்டகையில் படுத்தார், குழந்தையில்லாத வீட்டில் இன்னொரு கல்யாணம் பற்றி யார் யார் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆடி மழை ஆரம்பித்ததும் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் நடுவில் ஒரு கழுமரம் நிற்கிறது என்று யாராவது சொன்னால் உடனே நம்புகிற நிலையில்தான் அந்தப் பெண் இருந்திருக்கிறாள். அம்மாவைக் குற்றம் சொன்னது, வேறு யாரையும் சொல்ல முடியாததால்.

பெரியம்மா போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை அம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

காசின் விவரத்தை அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னேன். ரெண்டு சிப்பாய்மா, நடுவுல கொடி, ஆளுக்கொரு ஈட்டி. அவள் காசை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சிப்பாயா?"

"ஆமாம்மா."

"அது நானும் உங்க பெரியம்மாவும்னு நெனச்சிகினு இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"நல்லாப் பாருடி. எதுரெதுரா நிக்கறாங்க. ஆளுக்கொரு உலக்க. வெளிப்பக்கமாப் புடிச்சிருக்காங்க பாரு. இவ சோத்துக்கைல புடிச்சிருக்கறா. அவ பீச்சாங்கைல."

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கத்து வீரன் ஈட்டியை வலதுகையில் பிடித்திருந்தான். வலப்பக்கத்து வீரன் இடதுகையில். புத்தகத்தில் இதை யாரும் எழுதியிருக்கவில்லை.

"எப்ப கண்டுபுடிச்ச?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே. பூசாரி புளி ஊத்தித் தேச்சாரே, அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடியும் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

"இன்னாடி பேசற? அது நானும் அக்காவுந்தான்னு என் வாயால சொல்லியிருந்தா, தகடு போட்டது நான்னு அங்கயே முடிச்சிருப்பாங்கல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். காசைச் சுருக்குப்பையில் போட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.